மருத்துவ ஆய்வாளரின் வெளியீட்டுக் கணக்கு: பெயரில் தொடங்கி எச்-இண்டெக்ஸ் வரை

மருத்துவக் கல்லூரியில் பதவி உயர்வு, ஆய்வு நிதி, வெளிநாட்டு ஃபெலோஷிப் என எதற்கு விண்ணப்பித்தாலும் மூன்று எண்களைக் கேட்பார்கள்: எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள் (மற்றக் கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் (இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒற்றை எண்; கணக்கிடும் முறை கீழே) எவ்வளவு. பலரும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து அங்கே தெரிவதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண் பிழையாக இருந்தால், பிழை பெரும்பாலும் கூட்டலில் இருக்காது. யாருடைய கட்டுரை எவர் பெயரில் ஏறியிருக்கிறது என்பதில்தான் இருக்கும். அதனால் இந்த வேலையில் முக்கால் பங்கு பட்டியலைச் சரிசெய்வதே. பட்டியல் சரியானால் எண்ணை எடுக்க அரை மணி நேரம் போதும்.

முதலில் பெயர்

தரவுத்தளங்கள் எல்லாமே ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு என்று வைத்துக் கட்டப்பட்டவை. தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது கிடையாது, தலையெழுத்து, அதாவது இனிஷியல்தான் உண்டு. கா. முருகன் என்று ஒரு மருத்துவர், அவருடைய அப்பா பெயர் காளிமுத்து என்று வைத்துக்கொள்வோம். அவரே கட்டுரையை அனுப்பும்போது முருகன் என்பதைக் குடும்பப் பெயராக நிரப்பினால் பப்மெட்டில் (மருத்துவக் கட்டுரைகளின் தேடல் தளம்) 'முருகன் கே' என்று ஏறும். பாஸ்போர்ட்டில் இருப்பதைப் பார்த்து நிரப்பினால் அப்பா பெயர் குடும்பப் பெயராகி 'காளிமுத்து எம்' ஆகிவிடும். கட்டுரையைச் சேர்ந்து எழுதிய, வேறொரு துறையிலிருக்கும் சக ஆசிரியர் அவசரத்தில் நிரப்பினால் ஒற்றை எழுத்தே குடும்பப் பெயராகி 'கே எம்' என்று நிற்கும். மூன்றும் ஒரே ஆள். தரவுத்தளத்துக்கு மூன்று பேர்.

பெண் மருத்துவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. திருமணத்துக்கு முன் அப்பாவின் தலையெழுத்து, பின் கணவரின் தலையெழுத்து. எம்.டி. படிக்கும்போது வந்த கட்டுரைகள் ஒரு பெயரிலும் உதவிப் பேராசிரியரான பின் வந்தவை இன்னொரு பெயரிலும் கிடக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறும்: மீனாட்சியில் நெடில் ஈயை இரண்டு எழுத்தாகவும் எழுதுவார்கள், ஒன்றாகவும் எழுதுவார்கள், செந்திலில் ஹெச் வரும், வராமலும் போகும்.

எனவே தரவுத்தளத்தைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை: பெயர் இதுவரை அச்சான எல்லா வடிவங்களும், வர வாய்ப்புள்ள வடிவங்களும், வேலை பார்த்த எல்லா நிறுவனங்களும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பதும், அடிக்கடி சேர்ந்து எழுதிய நாலைந்து பேரின் பெயர்கள். சந்தேகம் வரும் கட்டுரைகளைப் பிரித்தறிய இவைதான் கைகொடுக்கும். இனி எழுதப்போகும் கட்டுரைகளுக்கு ஒரே வடிவத்தை முடிவுசெய்து, சேர்ந்து எழுதும் எல்லோருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். எது சரியான வடிவம் என்பதைவிட அது மாறாமல் இருப்பதே முக்கியம்.

பப்மெட்டில் தேடுவது

பெயரை எழுதி, அதையடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் ஏ, யு என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை இட்டால் ஆசிரியர் பெயரில் மட்டும் தேடும். நிறுவனப் பெயரில் தேட ஏ, டி. ஒவ்வொரு பெயர் வடிவத்துக்கும் தனித்தனியாகத் தேடி, எல்லாவற்றையும் 'அல்லது' என்ற இணைப்பால் சேர்த்துக்கொள்ளலாம்.

பொதுவான பெயர் என்றால் குப்பை நிறைய வரும். சென்னையின் நீரிழிவு ஆய்வாளர் வி. மோகனின் கட்டுரைகளைத் தேட 'மோகன் வி' என்று மட்டும் கொடுத்தால் அவரோடு தொடர்பில்லாத பல மோகன்களும் வருவார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ரோட்டா வைரஸ் ஆய்வு செய்த ககன்தீப் காங்கை 'காங் ஜி' என்று தேடினால் சீன, கொரிய ஆசிரியர்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். அப்போது நிறுவனப் பெயரைச் சேர்க்கத் தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். 2014க்கு முன் பப்மெட் பதிவுகளில் பொதுவாக முதல் ஆசிரியரின் முகவரி மட்டுமே இருக்கும். ஒருவர் 2009இல் மூன்றாவது ஆசிரியராக இருந்த கட்டுரை, முதல் ஆசிரியர் வேறு ஊர்க்காரர் என்றால், நிறுவனப் பெயரை வைத்துத் தேடும்போது அகப்படாது. அதனால் பழைய ஆண்டுகளுக்குச் சக ஆசிரியர் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள்.

மூத்தவர்களின் பட்டியலைத் தயாரிப்போர் இன்னும் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பப்மெட்டில் ஆசிரியரின் முழுப்பெயர் 2002க்குப் பின்தான் ஏறத் தொடங்கியது. அதற்கு முன் தலையெழுத்து மட்டும்தான். 1984 முதல் 1995 வரை ஒரு கட்டுரைக்கு முதல் 10 ஆசிரியர்களின் பெயரை மட்டுமே ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் பல மையங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் பதினோராவதாக இருந்தவர் பப்மெட்டில் இல்லாமலே போயிருக்கலாம். அச்சான பிரதியைக் கையில் எடுத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

குழுவின் பெயரில் வந்த கட்டுரைகளைத் தனியாகக் கையாளுங்கள். சென்னை காசநோய் கீமோதெரபி மையத்தின் 1959 கட்டுரை இதற்குச் சிறந்த சான்று. காசநோயாளிகளுக்கு வீட்டிலிருந்தபடியே தரும் சிகிச்சை சானடோரியத்தில் வைத்துத் தரும் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று காட்டி, உலகெங்கும் காசநோய் சிகிச்சை முறையையே மாற்றிய ஆய்வு அது. உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் அது மையத்தின் பெயரில்தான் வெளியானது. அங்கே உழைத்த மருத்துவர்களின் எச்-இண்டெக்ஸில் அந்தக் கட்டுரை சேராது. இன்றைய பெரிய ஆய்வுகளில் குழுப்பெயருக்குக் கீழே உறுப்பினர்கள் 'கொலாபரேட்டர்' என்று பட்டியலிடப்படுகிறார்கள். அவர்கள் ஆசிரியர்கள் அல்ல. அப்படிப்பட்ட பங்களிப்பை ஆசிரியர் பட்டியலில் கலக்காமல் கீழே தனித் தலைப்பில் காட்டுங்கள். மறைக்கவும் வேண்டாம், கூட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

மூலப் பட்டியல்

எக்செல்லில் ஒரு கட்டுரைக்கு ஒரு வரி. நெடுவரிசைகள்: டிஓஐ (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாளம்), பப்மெட் எண், தலைப்பு, இதழ், ஐஎஸ்எஸ்என் (இதழுக்குரிய அடையாள எண்), இணையத்தில் வந்த தேதி, அச்சு இதழின் ஆண்டு, கட்டுரை வகை, ஆசிரியர்கள் எத்தனை பேர், இவர் எத்தனையாவது, தொடர்பு ஆசிரியரா (கட்டுரை பற்றிய கடிதத் தொடர்புக்குப் பொறுப்பானவரா), ஆய்வுப் பதிவு எண், பின்னர் திருத்தமோ திரும்பப் பெறுதலோ வந்ததா.

ஒரே கட்டுரை இருமுறை ஏறுவதைக் கண்டுபிடிக்க டிஓஐ நெடுவரிசையை வரிசைப்படுத்தினால் போதும். ஆனால் ப்ரீப்ரிண்ட்டுக்கு (இதழில் வருமுன் இணையத்தில் ஏற்றிய வடிவம்) ஒரு டிஓஐ, இதழில் வந்த வடிவத்துக்கு வேறொரு டிஓஐ என்பதால் அந்த இரட்டை இதில் சிக்காது. தலைப்பையும் ஒருமுறை அகர வரிசையில் பாருங்கள். மருத்துவ ப்ரீப்ரிண்ட் தளமான மெட்ஆர்கைவ் 2019இல் தொடங்கியது; கோவிட் காலத்துக் கட்டுரைகளில் இந்த இரட்டைப் பதிவு சகஜம். இதழில் வந்துவிட்டதென்றால் ப்ரீப்ரிண்ட்டைத் தனிக் கட்டுரையாக எண்ணக் கூடாது.

இணையத்தில் 2022 டிசம்பரில் வந்து, அச்சில் 2023 மார்ச் இதழில் இடம்பெற்ற கட்டுரை எந்த ஆண்டுக் கணக்கு? நீங்கள் விண்ணப்பிப்பதற்குரிய விதி எதைச் சொல்கிறதோ அதன்படி. விதி எதையும் சொல்லவில்லை என்றால் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டியல் முழுக்க அதையே பின்பற்றுங்கள்.

கட்டுரை வகை நெடுவரிசையை அலட்சியமாக நிரப்புபவர்கள்தான் நேர்காணலில் மாட்டிக்கொள்கிறார்கள். மூல ஆய்வு, முறைசார் மீளாய்வு (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளை முறையாகத் திரட்டி மதிப்பிடுவது), கேஸ் சீரீஸ் (பல நோயாளிகளின் விவரத் தொகுப்பு), ஒற்றை கேஸ் ரிப்போர்ட், இதழாசிரியருக்குக் கடிதம், தலையங்கம், மாநாட்டுச் சுருக்கம் எல்லாமே வேறு வேறு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 ஆசிரியர் (மருத்துவக் கல்லூரியில் கற்பிப்போர்) தகுதி விதிகள் மூல ஆய்வு, மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் முடிவுகளை எண்களாகச் சேர்த்துக் கணிப்பது), முறைசார் மீளாய்வு, கேஸ் சீரீஸ் ஆகியவற்றை மட்டுமே எண்ணின. விண்ணப்பிப்பவர் முதல் மூன்று ஆசிரியர்களுள் ஒருவராகவோ தொடர்பு ஆசிரியராகவோ இருக்க வேண்டும் என்றும் சொல்லின. 2025இல் புதிய ஆசிரியர் தகுதி விதிமுறைகள் வந்திருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதன் அரசிதழ்ப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த நெடுவரிசையை நிரப்புங்கள். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் சுருக்கத்தை நம்பி நிரப்பாதீர்கள்.

இந்தியாவில் நடந்த கிளினிக்கல் டிரையல் என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்தியக் கிளினிக்கல் டிரையல் பதிவேடு) பதிவு எண்ணைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயமாகிவிட்டது. எண் இல்லாத வரியைப் பார்த்தால் தேர்வுக் குழுவில் யாராவது ஒருவர் கேட்பார்.

ஆர்கிட், ஸ்கோபஸ், ஸ்காலர்

ஆர்கிட் என்பது ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க எண், நான்கு நான்காகப் பிரித்து எழுதுவது. கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து வந்தாலும் பிழையில்லை, அது சரிபார்ப்பு இலக்கம். இலவசம். பதிவு செய்யும்போது நிறுவன மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். கல்லூரி மாறியதும் பழைய மின்னஞ்சல் போய்விடும், கடவுச்சொல்லும் மறந்திருக்கும், உடனே இரண்டாவது ஆர்கிட் எடுப்பார்கள். ஆர்கிட்டின் பயனே அதோடு போய்விடுகிறது. ஏற்கெனவே இரண்டு இருந்தால் கணக்கு அமைப்பில் இரட்டைப் பதிவை நீக்கும் வசதி உண்டு. பழைய பெயர் வடிவங்களை 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். கட்டுரைகளைக் கையால் தட்டாமல் கிராஸ்ரெஃப், ஸ்கோபஸ், யூரோப் பிஎம்சி ஆகிய கட்டுரைத் தரவுத்தளங்களிலிருந்து தேடி இணைக்கும் வழியாக இழுத்துக்கொள்ளுங்கள். கையால் தட்டுவதில் டிஓஐயில் ஓர் எழுத்து தவறினாலும் இணைப்பு அறுந்துபோகும்.

கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தானாகவே ஓர் அடையாள எண் கொடுத்துவிடும். நாம் கேட்க வேண்டியதில்லை. பெயர் மாறினால் இரண்டாவது எண்ணும் கொடுத்துவிடும், அதுதான் தொல்லை. சந்தா இல்லாதவர்களும் ஆசிரியர் தேடலை இலவசமாகப் பயன்படுத்தலாம். எல்லாப் பெயர் வடிவங்களையும் தேடி, உங்களுடைய எல்லாச் சுயவிவரங்களையும் தேர்ந்து, ஆசிரியர் திருத்தக் கருவி வழியாக ஒன்றுசேர்க்கக் கோருங்கள். அதே நேரத்தில் உங்கள் சுயவிவரத்துக்குள் வந்துவிட்ட பிறருடைய கட்டுரைகளையும் வெளியேற்றுங்கள். திருத்தம் அன்றே நடக்காது. விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பாவது தொடங்கிவிட வேண்டும்.

கூகுள் ஸ்காலரில் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை உடனே மாற்றி, சேர்க்கும் முன் மின்னஞ்சலில் கேட்கும்படி வையுங்கள். தானாகச் சேர்த்தால், அதே பெயருடைய ஒரு பொறியியல் ஆசிரியரின் கட்டுரைகள் வந்து குவிந்து எச்-இண்டெக்ஸ் ஏறிவிடும். உரியவருக்கே தெரியாமல் நடப்பதுதான். ஆனாலும் தேர்வுக் குழுவின் கண்ணில் அது ஏமாற்று வேலையாகத்தான் படும்.

எண்ணைக் கணக்கிடுவது

எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்கி, வரிசை எண் மேற்கோள் எண்ணிக்கையைத் தாண்டாத கடைசி இடத்தைப் பார்க்க வேண்டும். 12 கட்டுரைகள், மேற்கோள்கள் இப்படி: 64, 41, 30, 18, 11, 9, 7, 6, 4, 2, 1, 0. ஏழாவது கட்டுரைக்கு 7 மேற்கோள், எட்டாவதற்கு 6தான். எனவே எச்-இண்டெக்ஸ் 7. பத்தும் அதற்கு மேலும் மேற்கோள் பெற்றவை ஐந்து. ஸ்காலர் காட்டும் ஐ10 இண்டெக்ஸ் 5.

இதே ஆளின் சுயவிவரம் இரண்டாக உடைந்து, 41, 11, 7 மேற்கோள் உள்ள மூன்று கட்டுரைகள் வேறு பெயர் வடிவத்துக்குப் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பவற்றின் எச்-இண்டெக்ஸ் 5. பிரிந்த மூன்றின் எச்-இண்டெக்ஸ் 3. கூட்டினால் 8 வருகிறது, உண்மை 7. எச்-இண்டெக்ஸைக் கூட்டவே முடியாது. பட்டியலைச் சேர்த்துவிட்டுப் புதிதாகக் கணக்கிட வேண்டும். பெயர்ப் பிரச்சினைக்கு இத்தனை இடம் ஒதுக்கியது இதனால்தான்.

அதே பட்டியலில் மொத்த மேற்கோள் 193, சராசரி 16. நடுமதிப்போ (வரிசையின் நடுவில் நிற்கும் எண்) 8தான். முதல் இரண்டு கட்டுரைகளே பாதிக்கு மேல் கொண்டுவந்துவிட்டன. மருத்துவத்தில் மேற்கோள்கள் எப்போதும் இப்படிச் சாய்ந்தே விழும் என்பதால் சராசரியை மட்டும் சொல்வது பொருத்தமில்லை. நடுமதிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மூன்றும் ஒருவருக்கே மூன்று எண்கள் காட்டும். வழக்கமாக ஸ்காலரில்தான் அதிகம், ஏனெனில் ஆய்வேடுகள், ப்ரீப்ரிண்ட்டுகள், மாநாட்டு ஆவணங்களிலிருந்து வரும் மேற்கோள்களையும் அது எண்ணுகிறது. எதைக் கொடுத்தாலும் தவறில்லை. ஒன்றிலிருந்து கட்டுரை எண்ணிக்கை, மற்றொன்றிலிருந்து எச்-இண்டெக்ஸ் என்று கலந்து கொடுப்பதுதான் தவறு.

தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதில் குற்றமில்லை. தொடர் ஆய்வு செய்பவர் முந்தைய முறையைச் சுட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் தன்மேற்கோளை நீக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. மதிப்பிடுபவர்கள் அதைப் பார்ப்பார்கள். இரண்டு எண்ணையும் நீங்களே கொடுத்துவிடுவது நல்லது.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை ஆசிரியரின் பெருமையாக எழுதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். 2024க்கான இம்பாக்ட் ஃபேக்டர் என்பது 2022, 2023இல் அந்த இதழில் வந்தவற்றுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளின் ஆய்வுக் கட்டுரைகள், மீளாய்வுகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. தலையங்கத்துக்கும் கடிதத்துக்கும் கிடைத்த மேற்கோள் மேலே சேரும், அவற்றின் எண்ணிக்கை கீழே சேராது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் மருத்துவ இதழ் ஒன்றின் இம்பாக்ட் ஃபேக்டர் 500ஐத் தாண்டியதற்கு முக்கியக் காரணம், ஆண்டுதோறும் அதில் வரும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரையை எல்லோரும் சுட்டுவது. அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரைக்கு அந்த 500இல் பங்கு கிடையாது. 2012இல் வந்த கட்டுரைக்கு இந்த ஆண்டின் இம்பாக்ட் ஃபேக்டரைப் போடுவது அதைவிடப் பெரிய பிழை. கேட்டே ஆகிறார்கள் என்றால், வெளியான ஆண்டுக்குரிய எண்ணைப் போடுங்கள்.

துறைக்கு ஏற்ற அளவு

இதயவியலில் 40 மேற்கோளும் தடய மருத்துவத்தில் 40 மேற்கோளும் ஒன்றல்ல. எத்தனை பேர் அந்தத் துறையில் எழுதுகிறார்கள், ஒரு கட்டுரையில் எத்தனை குறிப்புகள் தருகிறார்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறும். இதைச் சரிசெய்யும் கருவிகளில் மருத்துவத்துக்கு மிகவும் பொருந்துவதும் இலவசமானதும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட். பப்மெட் எண்களை மொத்தமாக ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் கிடைக்கும். 1.0 என்றால் அந்த நிறுவனத்தின் நிதியில் அதே துறையில், அதே ஆண்டில் வந்த கட்டுரைகளின் நடுமதிப்பு. 2.0 என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. கிளினிக்கல் கட்டுரைகள் எத்தனை இதைச் சுட்டின என்பதையும் ஐசைட் காட்டும். நோயாளியின் படுக்கை வரை எது போய்ச் சேர்ந்தது என்று தெரிய இதைவிட எளிய வழி இல்லை. அண்மையில் வந்த கட்டுரைகளுக்கு எண் தற்காலிகமானது என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்கோபஸ் தரும் துறைசார் மேற்கோள் தாக்கமும் இதே எண்ணத்தில் வந்தது, அங்கே 1.00 என்பது உலகச் சராசரி.

சிகிச்சை வழிகாட்டிகளில் இடம்பெற்றதை இந்தத் தரவுத்தளங்கள் முழுமையாகப் பிடிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம், ஐசிஎம்ஆர், அந்தந்தச் சிறப்புத் துறைச் சங்கம் ஆகியவற்றின் வழிகாட்டி பிடிஎஃப்களை இறக்கி, கட்டுரைத் தலைப்பின் நாலைந்து சொற்களை வைத்து உள்ளே தேடுங்கள். கிடைத்தால் ஆவணத்தின் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வழிகாட்டியில் ஒரே ஒரு இடம், 50 மேற்கோளைவிட அதிகம் பேசும்.

மேற்கோள் எண்ணிக்கை தரத்தைச் சொல்லிவிடாது என்பதற்கு மருத்துவத்திலேயே கசப்பான சான்றுகள் உண்டு. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 லான்செட் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்தின் தரவை வைத்து எழுதிய கட்டுரை 2020 மே மாதம் வந்து ஜூன் தொடக்கத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. இரண்டுமே ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்டவை. அதனால் உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு டிஓஐயையும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவில் சோதியுங்கள். 2023 முதல் கிராஸ்ரெஃப் அதை இலவசமாகத் தருகிறது. கட்டுரைக் குறிப்புகளைச் சேமிக்கும் மென்பொருளான ஸோட்டேரோவில் பட்டியலை ஏற்றினால் திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு அதுவே எச்சரிக்கை காட்டும். அப்படி ஒன்று இருந்தால் நீக்கிவிடாமல், திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்போடு பட்டியலில் வையுங்கள்.

இதழைச் சோதிப்பது

பப்மெட்டில் ஒரு கட்டுரை தெரிகிறது என்பதாலேயே அந்த இதழ் மெட்லைனில் (தேர்ந்தெடுத்த மருத்துவ இதழ்களின் அட்டவணை) இருக்கிறது என்று ஆகாது. பிஎம்சியில் (முழுக் கட்டுரைகளின் இலவச இணையக் காப்பகம்) சேர்க்கப்பட்டதாலும் ஒரு கட்டுரை பப்மெட்டில் தெரியும். நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின் கேட்டலாகில் இதழின் பெயரைத் தேடி, இப்போது மெட்லைனில் சேர்க்கப்படுகிறதா என்ற வரியைப் பாருங்கள். ஸ்கோபஸ் என்றால் அதன் இதழ்ப் பட்டியலில் ஐஎஸ்எஸ்என் கொண்டு தேடுங்கள், பெயரைக் கொண்டு தேடாதீர்கள். உண்மையான இதழின் பெயரையே வைத்துப் போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டுரை வந்த ஆண்டில் அந்த இதழ் பட்டியலில் இருந்ததா என்பதும் முக்கியம். ஸ்கோபஸ் இடையில் நீக்கிய இதழ்கள் பல. இதழின் முகப்பில் ஒட்டியிருக்கும் முத்திரைகளுக்கு எந்த மதிப்பும் இல்லை. இம்பாக்ட் ஃபேக்டர் என்ற பெயரில், அதை வெளியிடும் க்ளாரிவேட் நிறுவனம் அல்லாத யாரோ கொடுத்த எண்ணும் அப்படியே.

எழுதித் தருவது

விண்ணப்பத்தில் இப்படி எழுதலாம்: 'ஸ்கோபஸ் தரவுப்படி, இன்ன தேதி நிலவரம்: 12 கட்டுரைகள் (மூல ஆய்வு 8, முறைசார் மீளாய்வு 1, கேஸ் சீரீஸ் 3), முதல் ஆசிரியராக 5, தொடர்பு ஆசிரியராக 2, மொத்த மேற்கோள் 193, தன்மேற்கோள் நீக்கி 171, எச்-இண்டெக்ஸ் 7.' தரவுத்தளத்தின் பெயரும் தேதியும் இல்லாத எண்ணை யாராலும் சரிபார்க்க முடியாது. அதன் கீழே மூன்று கட்டுரைகளைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: என்ன கண்டறியப்பட்டது, யார் அதைப் பயன்படுத்தினார்கள், அதில் உங்கள் பங்கு என்ன. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் கேட்பதும் இதையே: ஆளை மதிப்பிட இதழின் எண்ணைப் பார்க்காமல் ஆய்வின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று.

எண்ணை எடுத்த அன்றே ஸ்கோபஸ் பக்கத்தைத் தேதி தெரியும்படி பிடிஎஃப்பாகச் சேமித்துவிடுங்கள். நேர்காணல் நான்கு மாதம் கழித்து நடக்கும்; அதற்குள் எண் மாறியிருக்கும். குழு அவர்கள் கணினியில் திறந்து பார்க்கும்போது உங்கள் தாளில் உள்ள எண் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டால், காட்டுவதற்கு அந்தப் பிடிஎஃப் கையில் இருக்க வேண்டும்.